நின்ற இடம்

என் மனைவியை நான் ஒருமுறை பம்பாய் வி.டி. ஸ்டேஷனில் தொலைத்தேன். 1996 டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நாற்பது நிமிஷத்தில் கிடைத்துவிட்டாள். தொலைத்ததை விடப் பெரிய தப்பு, கிடைத்த பிறகு நான் செய்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் கரூர்ப் பக்கத்துக்காரன். ஆறு தெரியும், வாய்க்கால் தெரியும், கடல் பழக்கமில்லை. 1989-ல் பூனாவுக்கு வந்தேன். பிம்ப்ரியில் இயந்திர உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஒரு பாகம் மெஷினில் ஏறி இறங்க எத்தனை நொடி ஆகிறது, அதில் எத்தனை நொடியைக் குறைக்கலாம் என்று கணக்குப் பார்க்கும் பிரிவு. முப்பத்து நாலு வருஷம் அதைத்தான் செய்தேன். நிமிஷத்தை மிச்சம் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அவள் தூத்துக்குடி. அவளுடைய அப்பா பழைய துறைமுகத்தில் டாலி கிளார்க். தோணியிலும் கப்பலிலும் ஏறும் மூட்டைகளை ஒன்று விடாமல் எண்ணி நோட்டில் குறிக்கும் வேலை. கல்யாணமாகி 1993-ல் ராஸ்தா பேட்டில் ஒண்டுக் குடித்தன வீட்டுக்கு வந்தாள். சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள், இட்லி மாவு கிடைக்கும், மல்லிகைப்பூ கிடைக்கும். அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் நம்பினேன்.

பூனா கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே மலையைத் தாண்டினால் அரபிக் கடல். காக்கை பறக்கிற கணக்கில் நூறு கிலோமீட்டர்தான். ஆனால் ஊருக்குள் ஓடும் முலாவும் முத்தாவும் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. இரண்டும் சங்கம் என்கிற இடத்தில் கூடிக் கிழக்கே போய் பீமாவில் விழுந்து, பீமா கிருஷ்ணாவில் சேர்ந்து, தக்காணம் முழுவதையும் கடந்து ஆந்திராவில்தான் கடலைப் பார்க்கிறது. இதை அவளிடம் ஒரு பொது அறிவுத் தகவலாகச் சொன்னேன். "அப்ப இந்தத் தண்ணி எங்க ஊர்க் கடல் பக்கந்தான் போகுது" என்றாள். கொஞ்ச நேரம் பாலத்தில் நின்று பார்த்தாள். சிக்னல் விழுந்துவிட்டது, ஸ்கூட்டரில் ஏறு என்றேன்.

அந்த 1996 பயணத்துக்கு நான் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். டெக்கான் குயினில் காலை போய் மாலை திரும்புவது. நடுவில் ஆறரை மணி நேரம். கேட்வே ஆஃப் இந்தியா இருபது நிமிஷம், மியூசியம் ஒரு மணி நேரம், தொங்கும் தோட்டம், ஹாஜி அலி, மகாலட்சுமி கோயில், சௌபாட்டி. ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம், பஸ் எண், சாப்பாட்டுக்கு முப்பது நிமிஷம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்: பாத்ரூம் போவதற்குக்கூட இடம் குறித்திருந்தேன்.

கேட்வேயில் அவள் கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். தூரத்தில் ஒரு கப்பல் மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. "ஏங்க, அது வந்து நிக்கிற வரைக்கும் பாக்கலாமா?" என்று கேட்டாள். மணியைப் பார்த்தேன். "அது எப்ப வந்து நிக்க, நாம எப்ப மியூசியம் போக? நட" என்றேன். நடந்தோம். நான் முன்னால், அவள் பத்தடி பின்னால். எங்கள் ஊரில் என் அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் நடப்பார்கள். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை.

மாலை நாலேமுக்காலுக்கு வி.டி. ஸ்டேஷனுக்குள் வேகமாக நுழைந்தேன். புறநகர் ரயிலுக்கு டிக்கெட் கொடுக்கும் பெரிய கூடம் வழியாகப் போய் வெளியூர் வண்டிகள் நிற்கும் பக்கம் சேர வேண்டும். அலைபோல் ஜனம். பிளாட்பாரத்தில் போய்த் திரும்பிப் பார்த்தால் அவள் இல்லை. செல்போன் இல்லாத காலம். அவளுக்கு அப்போது இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. கையில் பணமும் இல்லை. பர்ஸ், டிக்கெட் எல்லாம் என்னிடம். அவளிடம் இருந்தது என் தண்ணீர் பாட்டிலும் சால்வையும் வைத்த பை மட்டும்.

பிளாட்பாரம் பிளாட்பாரமாக ஓடினேன். பெண்கள் காத்திருக்கும் அறை, தெருவோரம், டாக்சி நிற்குமிடம். ஐந்து பத்துக்கு வண்டி போய்விட்டது. கடைசியில்தான் டிக்கெட் கூடத்துக்கு வந்தேன். ஒரு தூணை ஒட்டி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் கடைசியாகத் திரும்பிப் பார்த்த இடத்திலிருந்து ஓரடி நகரவில்லை.

அப்போது நான் செய்தது இதுதான். அத்தனை பேர் நடுவில், "கண்ணை எங்கே வச்சுக்கிட்டு வந்தே? ஒரு வண்டிக் காசு போச்சு" என்று கத்தினேன். பழம் விற்கும் ஒரு அம்மாள் கூடையை இறக்கி வைத்து எங்களைப் பார்த்தது நினைவிருக்கிறது. அவளுக்கு மொழி புரிந்திருக்காது, விஷயம் புரிந்திருக்கும். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் ஓடியதில் எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு அவள் என்னை எங்கேயும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டதில்லை. கல்யாணம், வளைகாப்பு, மாட்டுங்காவில் உறவுக்காரர் வீடு என்று பம்பாய்க்கு ஐந்தாறு முறை போயிருக்கிறோம். வேலை முடிந்ததும் திரும்பிவிடுவோம். மகள் பிறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கடக்வாஸ்லா அணைக்குப் போவோம். பூனாக்காரர்களுக்கு அதுதான் கடற்கரை. சுட்ட சோளம், பஜ்ஜி, காற்று, கரை நெடுகக் குடும்பங்கள். எனக்கு மிகவும் பிடிக்கும். அவள் சோளத்தைத் தின்றுகொண்டே, "அந்தக் கரை தெரியுதே" என்பாள். ஒவ்வொரு தடவையும் சொல்வாள். மகளும் நானும் சிரிப்போம். அது எதைப் பற்றிய பேச்சு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

நாராயண் பேட்டில் கேசரி வாடா இருக்கிறது, திலகர் வாழ்ந்த வீடு. முதல் தடவை காட்டினபோது அவள் வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். வ.உ.சி.க்குத் திலகர் குரு என்று தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். "கப்பல் விட்டவருக்கு இவர்தான் தைரியம் கொடுத்தது" என்றாள். நான் அந்தத் தெருவில் நாலு வருஷமாக ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன். எனக்கு அது பார்க்கிங் கிடைக்காத ஒரு தெரு, அவ்வளவுதான்.

2023 மார்ச்சில் ஓய்வு பெற்றேன். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அந்த டிசம்பர் 31 இரவு, நிக்டியில் எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு மணிக்கு வெடி வெடித்தார்கள். மனைவி பால்கனியில் நின்று பக்கத்து வீட்டுப் பெண்ணோடு மராத்தியில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ரத்னகிரிப் பக்கம், கொங்கணக் கடற்கரைக்காரி. எங்கள் ஊரில் இந்த நேரத்துக்குத் துறைமுகத்தில் நிற்கிற கப்பல் அத்தனையும் சேர்ந்து சங்கு ஊதும், பனிமய மாதா கோயில் மணியும் அடிக்கும், அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்காமல் இத்தனை வருஷமாக எனக்கு வருஷம் பிறந்த மாதிரியே இல்லை என்றாள்.

உள்ளே சோபாவில் உட்கார்ந்து கேட்டேன். முப்பது வருஷம் கூடவே இருந்தவனுக்கு, பக்கத்து வீட்டுக்குச் சொன்னது காதில் விழுந்துதான் தெரிய வேண்டியிருந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. கடக்வாஸ்லாவில் கரை தெரியுதே என்று அவள் சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

பம்பாய்க்குப் போய்த் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்க எனக்கு ஆறு வாரம் ஆனது. கேட்டதும், "என்னென்ன பாக்கணும்?" என்றாள். பட்டியலை எதிர்பார்க்கும் குரல். "ஒண்ணும் இல்ல. நீ எங்க உட்காரணும்னு சொல்றியோ அங்க" என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

தை அமாவாசை முடிந்த மூன்றாம் நாள், ஒரு திங்கட்கிழமை கிளம்பினோம். திங்கட்கிழமை எலிபண்டா குகைகளுக்கு விடுமுறை என்பது டிக்கெட் எடுத்த பிறகுதான் உறைத்தது. முன்பாக இருந்தால் டிக்கெட்டை ரத்து செய்து நாளை மாற்றியிருப்பேன். அங்கே நூற்றிருபது படி ஏற வேண்டும். அவளுக்கு முழங்கால் வலி. அடைத்திருப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன்.

டெக்கான் குயினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1930 ஜூன் 1-ல் ஓடத் தொடங்கிய வண்டி. இன்னும் ஒவ்வொரு ஜூன் 1-ம் தேதியும் பூனா ஸ்டேஷனில் பயணிகள் கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாடுவார்கள். மேஜை போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிற பெட்டி ஒன்று அதில் உண்டு. 1996-ல் அந்தப் பக்கமே நான் அவளைக் கூட்டிப்போகவில்லை. பிளாஸ்கில் காபி இருந்தது, நேரமும் காசும் மிச்சம். இந்தத் தடவை லோனாவ்லா வரும்போது அங்கே போய் உட்கார்ந்து சீஸ் டோஸ்ட் வாங்கினோம். போர் காட் மலைப்பாதையில் வண்டி இறங்க ஆரம்பித்தது. குகை வரும், இருட்டும், மறுபடி வெளிச்சத்தில் பள்ளத்தாக்கு தெரியும். ஒவ்வொரு குகை முடிந்ததும் அவள் கண்ணாடியோரம் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். மலையிலிருந்து கடலுக்கு இறங்குகிறோம் என்பதை அன்றுதான் உடம்பில் உணர்ந்தேன்.

பதினொன்றே காலுக்கு அப்போலோ பந்தரில் இருந்தோம். கேட்வேயைச் சுற்றி போட்டோக்காரர்கள், புறாக்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டியது. ஆனால் கட்டி முடித்துத் திறந்தது 1924 டிசம்பரில்தான். அதற்கு அடுத்த கால் நூற்றாண்டுக்குள், 1948 பிப்ரவரியில், பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு அதே வளைவு வழியாக வெளியேறிக் கப்பல் ஏறியது. இதெல்லாம் எனக்குத் தெரியும், சொல்ல வாயெடுத்தேன். அவள் வளைவைப் பார்க்கவில்லை. தாஜ் ஹோட்டலைத் தாண்டி ரேடியோ கிளப் பக்கம் போகும் நடைபாதையில் கைப்பிடிச் சுவரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போனேன். அவள் நடையில் நடப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கால் தானாக முந்தியது. மூன்று தடவை நின்று, விட்டுப் பிடித்தேன்.

உட்கார்ந்ததும் எதிரே பார்த்தேன். மனசு விழுந்துவிட்டது. தண்ணீருக்கு அப்பால், மூட்டத்துக்குள், மங்கலாக மலை தெரிந்தது. ராய்கட் கரை. இங்கேயும் அந்தக் கரை தெரியுதே என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். மெரின் டிரைவ் போனால் கரையே இல்லாத கடலைப் பார்க்கலாம், டாக்சி பிடிக்கலாமா என்று அவசரமாகக் கேட்டேன்.

"எதுக்கு? துறைமுகம்னா அப்படித்தான். நாலு பக்கமும் மறிச்சுக் கிடந்தாத்தான் கப்பல் அலையில்லாம நிக்கும். இங்க சாமியே மறிச்சு வச்சிருக்கு. எங்க ஊர்ல கல்லைக் கொட்டி மறிச்சாவ" என்றாள். தூத்துக்குடியின் புதிய துறைமுகத்துக்குக் கடலுக்குள் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள், ஒவ்வொன்றும் சுமார் 4 கிலோமீட்டர். அதற்குக் கல் கொட்டியதை அவளுடைய அப்பா கதை கதையாகச் சொல்வாராம். அப்பாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் பேச்சில் தூத்துக்குடி திரும்பி வந்துவிடும்.

"எல்லாக் கப்பலும் ஒரே பக்கம் மூஞ்சி வச்சிருக்கு, பாத்தியளா?"

அதுவரை பார்க்கவில்லை. பக்கத்தில் கட்டிக் கிடந்த பாய்மரப் படகுகள், நடுவில் டக் என்கிற இழுவைப் படகுகள் இரண்டு மூன்று, தூரத்தில் நங்கூரம் போட்ட சரக்குக் கப்பல்கள், எல்லாம் வலது பக்கம், துறைமுக வாய் இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்து நின்றன. யாரோ வரிசைப்படுத்தி வைத்த மாதிரி. தண்ணீர் ஏறுகிறது, கடலிலிருந்து உள்ளே வருகிறது. கட்டிப்போட்ட கப்பல் வருகிற தண்ணீருக்கு எதிரே முகம் கொடுத்துத்தான் நிற்கும் என்றாள். "வத்த ஆரம்பிச்சா அத்தனையும் திரும்பும். அந்தப் பக்கம் பாக்கும்."

"எப்ப திரும்பும்?"

சுவருக்குக் கீழே கல்லில் பாசி படிந்த கோட்டைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். "ரெண்டு மணி ஆகும். ரெண்டேகால்."

இன்னும் மூன்று மணி நேரம். 1996-ல் அது மூன்று இடம்.

நாங்கள் உட்கார்ந்தோம். நடுவில் அரை மணி நேரம் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் படகில் போய்வந்தோம். ஒரு கப்பலுக்குப் பக்கத்தில் போனபோது, தண்ணீருக்கு மேலே சிவப்புச் சாயம் அகலமாகத் தெரிந்ததைக் காட்டி, "வெறுங்கப்பல். சரக்கு ஏறினா அந்தச் சிவப்பு முங்கிரும். எங்கப்பா அதைப் பாத்தே எத்தனை மூட்டை ஏறியிருக்கும்னு சொல்லுவாவ" என்றாள். படகிலிருந்த ஒரு சின்னப் பையன் தமிழ் புரியாமலே அவள் விரல் போன பக்கமெல்லாம் பார்த்தான். கரைக்கு வந்து சாண்ட்விச் வாங்கினோம், பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் பச்சைச் சட்னியும் வைத்தது. சுவரில் உட்கார்ந்தே தின்றோம். சுதேசிக் கப்பல் கம்பெனிக்குக் கப்பல் தேடி வ.உ.சி. வந்த ஊர் இது என்றாள். 1906-ல் கம்பெனி பதிவானது, அடுத்த வருஷம் காலியா கப்பல் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். அவர் வந்தபோது கேட்வே கிடையாது. 1903-ல் திறந்த தாஜ் ஹோட்டல் இருந்திருக்கும். இந்தத் தண்ணீர் இருந்திருக்கும்.

ஒரு மணிக்கு மேல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தேன். கைக் கடிகாரத்தைக் கழற்றி அவள் பையில் போட்டேன். அதன்பிறகு சுவரைப் பார்த்தேன். வரும்போது ஈரமாகத் தெரிந்த கற்கள் இப்போது காணோம். "எங்க ஊர்ல ஒரு முழம், ரெண்டு முழம் ஏறும். இங்க ரெண்டு ஆள் உசரம் ஏறுது" என்றாள் ஆச்சரியமாக. அமாவாசையை ஒட்டி இங்கே ஏற்றம் இன்னும் அதிகம்.

பிறகு அது நடந்தது. முதலில் சின்னப் படகுகள் கயிறு தளர்ந்து, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு திசையாக நின்றன. தண்ணீர் ஒரு தாம்பாளம்போல் அசைவில்லாமல் கிடந்தது. ஒரு படகு மூக்கைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பியது. அதன் பக்கத்துப் படகு. அதற்குப் பின்னால் டக். கடைசியாக, தூரத்தில் அந்த வெறுங்கப்பல், கண்ணுக்கே தெரியாத வேகத்தில், முகத்தைக் காட்டி, நெஞ்சைக் காட்டி, முழுப் பக்கவாட்டையும் காட்டி, வடக்கே திரும்பியது. சத்தம் எதுவும் இல்லை. நடைபாதையில் நூறு பேர் இருந்திருப்பார்கள், செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

நாலு மணிக்குக் கிளம்பினோம். இப்போது சி.எஸ்.எம்.டி. என்று பேர் மாறிவிட்ட அந்த ஸ்டேஷனில், அதே டிக்கெட் கூடத்து வழியாக நுழைந்தோம். நான் அவள் பக்கத்திலேயே நடந்தேன். பாதியில் நின்றாள். பளிங்குத் தூண்களை எண்ணுகிற மாதிரி பார்த்து, ஒன்றைக் கையால் தொட்டாள்.

"இங்கதான் நின்னேன்."

இருபத்தேழு வருஷத்தில் அதைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. தொலைந்தால் நின்ற இடத்தில் நில், தேடுகிறவன் அங்கேதான் வருவான் என்று அவளுடைய அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் நகரவில்லை.

"நீங்க ரெண்டு தடவை அந்த வழியா ஓடினீங்க. நான் பாத்தேன்."

"கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிட்டேன். ஏங்க, ஏங்கன்னு கூப்பிட்டேன்."

என் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் சொல்லக் கூடாது என்று வளர்த்திருந்தார்கள். அவ்வளவு இரைச்சலில், தமிழே தெரியாத ஜனத்துக்கு நடுவில், அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளைத் தாண்டி நான் ஓடியிருக்கிறேன். பிறகு வந்து, கண்ணை எங்கே வைத்தாய் என்று கேட்டிருக்கிறேன்.

அன்று கத்தியது தப்பு என்று சொன்னேன். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னேன். குரல் சரியாக வரவில்லை. அவள் ஒன்றும் பதில் சொல்லவில்லை. தலையை ஆட்டினாள், அது சரி என்பதா, போகலாம் என்பதா தெரியாது. ஐந்து பத்துக்கு வண்டி கிளம்பியது.

கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ளுவதற்கு என்ஜின் மாட்டும்போது வடாபாவ் வாங்கி ஆளுக்கொன்று தின்றோம். மலை ஏறி லோனாவ்லா தாண்டியதும் அவள் தூங்கிவிட்டாள். சின்ச்வட் நெருங்கும்போது கண் விழித்தாள். வெளியே தொழிற்சாலை விளக்குகள். பையிலிருந்து என் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, என் கையில் கட்டிவிட்டாள். எட்டே கால் ஆகப்போகிறது.

"இந்நேரம் அங்க முழுசா வத்தியிருக்கும்" என்றாள். "மறுபடி திரும்பப் போகுது."